கடைசி சைக்கிள்

இல்லாத பள்ளத்துக்கு அண்ணன் குரல் கொடுத்த அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சைக்கிளில் போவோம். வெயில் காலத்தில் தொப்பையைக் கரைக்கிறோம் என்று ஊர் சுற்றுகிற கூட்டம்தான். குளிர் வந்தால் அதே கூட்டத்துக்கு வேலை வந்துவிடும். கால்வாயைத் தாண்டி, மூடிப்போன ஆலையின் பழைய குடியிருப்பில் தனிக்கட்டைகள் நிறைய. பிள்ளைகள் தூரத்தில், கால்வலி பக்கத்தில் என்று இருக்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பஸ் கிடையாது. மருந்து, ரொட்டி, மூடி போட்ட கேனில் சூடான சூப் எல்லாவற்றையும் சைக்கிளின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு விடிந்தும் விடியாததுமாகக் கிளம்புவோம்.

இதில் ஒரு முறை உண்டு. ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். காற்று முகத்தில் அடிக்காது, களைப்பு குறையும். ஆனால் இரண்டாவது ஆளுக்கே ரோடு தெரியாது. கண்ணுக்கு முன்னால் ஒரு சக்கரம், அவ்வளவுதான். அதனால் முதல் ஆள் ரோட்டைப் பார்த்து "பள்ளம், இடது!" என்பார். அடுத்தவர் அதையே தனக்குப் பின்னால் சொல்வார். சொல் கைமாறிக் கைமாறிக் கடைசி வரை போகும். அதே மாதிரி, ஒவ்வொரு திருப்பம் தாண்டியதும் முதல் ஆள் "வால்!" என்று கத்துவார். கடைசியில் வருகிறவர் "இருக்கு!" என்பார். அந்த "இருக்கு" ஒவ்வொரு வாயாக ஏறி முன்னால் வந்து சேரும். வால் இருந்தால் நடுவில் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். யாராவது விழுந்தால் பார்க்கிற பொறுப்பு வாலுக்கு.

முதல் ஆள் என் அண்ணன். அச்சகத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த குரல். கூட்டத்தில் அவருக்குப் பெயரே இன்ஜின்.

பெயிண்ட் கம்பெனி வாசலில் ஒரு பள்ளம் வருஷக்கணக்காகக் கிடந்தது. அந்த வாரம் புதன்கிழமை அதிசயமாக ஆட்கள் வந்து தார் ஊற்றி மூடிவிட்டார்கள். நான் தினமும் வேலைக்குப் போகிற வழி, கண்ணால் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அதே இடத்தில் கையை நீட்டி, "பள்ளம், இடது!" என்றார். பின்னால் வந்த ஒவ்வொருவரும் பவ்யமாக வளைந்து போனார்கள். அன்றைக்கு வால் நான். வழவழவென்று கிடந்த புதுத் தார் மேல் நேராக ஓட்டிக்கொண்டு போனேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இந்த மனுஷர் ரோட்டைப் பார்த்து ஓட்டவில்லை, ஞாபகத்தில் ஓட்டுகிறார்.

நான் வேலை பார்ப்பது எங்கே தெரியுமா? மூக்குக்கண்ணாடிக் கடையில். ஊரில் உள்ளவர் கண்ணுக்கெல்லாம் அட்டை காட்டி, "இதைப் படிங்க, அதைப் படிங்க" என்று பிழைப்பு நடத்துகிறவள். என் கூடப் பிறந்தவர் என் மூக்குக்கு அடியிலேயே கண்ணை இழந்துகொண்டிருந்திருக்கிறார். வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. திங்கட்கிழமை அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது. போன பார்வை போனதுதான், மீதி இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். நேர் எதிரே இருப்பது தெரியும். பக்கவாட்டிலும் கீழேயும் ஒன்றும் தெரியாது. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி.

"வண்டி ஏதாவது ஓட்டுறீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லைங்க," என்றார் அண்ணன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எதுக்கு அப்படிப் புளுகினீங்க?"

"வண்டின்னுதானே கேட்டார்? சைக்கிள்னு கேட்டாரா?"

"அண்ணே, விளையாடாதீங்க. உங்க பின்னாடி பத்துப் பேர் வர்றாங்க. உங்க வாயை நம்பி வர்றாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். "உன் அண்ணி போனப்புறம் நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியும். சுவத்தைப் பார்த்துக்கிட்டு. அந்த சைக்கிள்தான் என்னை வெளிய இழுத்துட்டு வந்துச்சு. இந்தக் குளிர்காலம் மட்டும் விடு. யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்லத்தான் போறேன்."

"நீ எப்பவுமே இப்படித்தான். ஈவு இரக்கமே கிடையாது உனக்கு."

இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சின்ன வயதிலிருந்தே இந்தப் பட்டம் எனக்குப் பழகிப்போனது.

சூப் காய்ச்சுகிற கொட்டகையில், அண்ணன் இல்லாத நேரம் பார்த்து, எல்லாரையும் கூட்டிச் சொன்னேன். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. எல்லாரும் அவரவர் ஷூவைப் பார்த்தார்கள்.

"எங்களுக்குத் தெரியும்க்கா," என்றாள் நர்ஸம்மா. அரசு ஆஸ்பத்திரியில் வார்டு பார்க்கிறவள், எங்கள் கூட்டத்தில் கொஞ்சம் விவரமானவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள்.

"எப்பத்திலேர்ந்து?"

குருவிதான் பதில் சொன்னான். குச்சிக் கால், ஓயாத வாய், அதனால் குருவி. சலூன் வைத்திருக்கிறான். "எனக்கு ரெண்டு மாசமாவே தெரியும்க்கா. முடி வெட்டும்போது காது பக்கத்துல கையை ஆட்டிப் பார்த்தேன். ஆடாம அசையாம இருந்தாரு."

"அப்ப அந்தப் பள்ளம்?"

"மூடிட்டாங்கன்னு தெரியும்," என்றார் கணக்கு வாத்தியார். "இருந்தாலும் அவர் சொல்லும்போது நேரா போனா அவர் மனசு நோகுமேன்னு..."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "அவர் மனசு நோகக் கூடாதுன்னு எல்லாரும் வரிசையா லாரிக்கு அடியில போவீங்களா? உங்களுக்கெல்லாம் புத்தி புல் மேயப் போச்சா?"

"எனக்கு முன்னாடி வாத்தியார் இருக்காரே, அவர் பார்த்துப்பார்னு நினைச்சேன்," என்றாள் நர்ஸம்மா. வாத்தியார் தனக்கு முன்னால் இருந்தவரைச் சொன்னார். அவர் அண்ணனைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். இதுதான் எங்கள் கூட்டம். எல்லாரும் நல்லவர்கள். ஒருத்தரை ஒருத்தர் சங்கடப்படுத்தவே மாட்டார்கள்.

அண்ணன் இனி சைக்கிளைத் தொடக் கூடாது, கொட்டகையில் இருந்து சூப் கிண்டட்டும் என்றேன். ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. கிண்டச் சொன்னால் செத்துப்போய்விடுவார் என்றார்கள். கடைசியில் நர்ஸம்மா ஒரு வழி சொன்னாள். முன்னால் நான் போவது. அண்ணனை வாலாகப் போடுவது. வால் என்றால் கௌரவமான இடம், அனுபவம் உள்ளவருக்குத்தான் கொடுப்போம். நேர் எதிரே தெரிகிறது அல்லவா, முன்னால் போகிற சைக்கிளின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும். குருவி தன் சைக்கிளின் பின்னால் பெரிய விளக்காக ஒன்று மாட்டிக்கொண்டு அண்ணனுக்கு முன்னால் போவான்.

"அவரை நான் கண்ணு மாதிரி பார்த்துக்கறேன்க்கா," என்றான் குருவி. அவன் வாயில் அப்படித்தான் வரும்.

நானும் யோசித்துப் பார்த்தேன். கடைசியில் வருகிறவரால் யாருக்கும் ஆபத்து இல்லை. சரி என்றேன். எல்லார் முகத்திலும் பெரிய நிம்மதி. அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை, வால் எல்லாரையும் பார்க்கும், வாலை யார் பார்ப்பது என்று. எனக்கும் தோன்றவில்லை.

இதைச் சொன்னதும் அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டாண் என்று வந்து நின்றார். யார் எங்கே நிற்கச் சொன்னார்களோ அங்கே நின்றார். நான் முதல் திருப்பத்தில் "வால்!" என்றதும், பின்னாலிருந்து அந்த அச்சகத்துக் குரல் "இருக்கு!" என்று வந்தது. இடையில் யாரும் சொல்லி அனுப்பவே தேவையிருக்கவில்லை, எனக்கு நேராகக் கேட்டது. அடுத்த வாரம் பேச்சும் வந்துவிட்டது. "முன்னாடி ஆமை போவுதுன்னு நினைச்சேன், பார்த்தா என் தங்கச்சி" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்தார். நானும் விடவில்லை. "வாலைச் சுருட்டிக்கிட்டு வாங்க," என்றேன். அவர் சிரித்து நான் பார்த்த கடைசித் தடவை அது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் குளிர். பல் கிட்டித்துப் போகிற குளிர், போதாக்குறைக்குப் பனிமூட்டம். எனக்கு முன்னால் ஒரு சைக்கிள் தூரம்தான் ரோடு தெரிந்தது. போக வேண்டாமா என்று ஒரு பேச்சு வந்தது. இந்தக் குளிரில்தான் அவர்களுக்கு அதிகம் தேவை என்று அண்ணனே சொன்னார். சூப் கேனைத் தன் சைக்கிளில் தானே கட்டிக்கொண்டார். நான் அவருடைய காதுத் தொப்பியை இழுத்துவிட்டேன். "போடி, குழந்தையா நான்," என்றார்.

கால்வாய்க் கரையில் மதகுக்குப் பக்கத்தில் ரோடு வலது பக்கம் வளைகிறது. நேரே போனால் புல் சரிவு, கீழே தண்ணீர். நான் மெதுவாக வளைந்து, எல்லாரும் வளையட்டும் என்று கொஞ்சம் விட்டு, "வால்!" என்றேன். எதிர்க்காற்று. காது முழுக்கக் கம்பளி. கொஞ்சம் பொறுத்து, அன்றைக்கு எனக்குப் பின்னால் இருந்த நர்ஸம்மா "இருக்கு!" என்றாள். பாலத்தில் ஒரு தடவை கேட்டேன். "இருக்கு!" ரயில்வே கேட்டில் ஒரு தடவை. "இருக்கு!" அண்ணன் குரல் நேராகக் கேட்கவில்லை. காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

குடியிருப்புக்குப் போய்ச் சேர வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. முதல் வீட்டு வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொருவராகப் பனியிலிருந்து வந்து நின்றார்கள். கடைசியில் குருவி வந்தான்.

"அண்ணன் எங்க?"

"பின்னாடிதான் வர்றாருக்கா."

காத்திருந்தோம். பனியிலிருந்து யாரும் வரவில்லை. நான் குருவியின் சைக்கிளைச் சுற்றிப் பின்னால் போனேன். விளக்கு அணைந்து கிடந்தது.

"உன் லைட் எப்படா போச்சு?"

அவன் குனிந்து பார்த்தான். தட்டினான். கழற்றி மாட்டினான். குளிரில் பேட்டரி செத்துவிட்டது. அவன் முதுகுக்குப் பின்னால் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? பின்னால் வருகிறவர்தான் "லைட் போச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அதுவும் எங்கள் முறைதான்.

"மதகுகிட்ட 'இருக்கு'ன்னு சொன்னது யாரு?"

நர்ஸம்மா வாத்தியாரைக் காட்டினாள். அவர் சொல்லித்தான் அவள் சொன்னாள். வாத்தியாருக்குச் சொன்னது அவருக்குப் பின்னால் வந்தவர். அப்படியே கை நீண்டு நீண்டு குருவியில் வந்து நின்றது.

"அவர் சொன்னாருக்கா," என்றான். அப்புறம், "சொல்லியிருப்பாரு," என்றான். அப்புறம் அவன் வாய் கோணிக்கொண்டது. "எப்பவும் சொல்வாரே. காத்துல எனக்குச் சரியா கேக்கலை. சொல்லியிருப்பார்னு நினைச்சு நானே சொன்னேன்."

"மூணு தடவையும்?"

நான் சைக்கிளைத் திருப்பிவிட்டேன்.

போகும்போது எப்படிப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. அண்ணே, அண்ணே என்று கத்திக்கொண்டே போனேன் என்று பிற்பாடு நர்ஸம்மா சொன்னாள். மதகுத் திருப்பத்தில் ரோடு வளைந்த இடத்தில் ஒரே ஒரு டயர் தடம் வளையாமல், உறைபனி படிந்த புல் மேல் நேராகப் போயிருந்தது. சரிவுக்குக் கீழே அவர் இருந்தார். இடுப்புக்கு மேல் வரை தண்ணீரில், சைக்கிள் அவர் கால் மேல். கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு கையும் புல்லைப் பிடித்தபடி. கைக்கு எட்டிய இடத்தில் எல்லாம் புல் வேரோடு வந்திருந்தது.

நர்ஸம்மா தண்ணீரில் இறங்கி அவர் கழுத்தில் விரலை வைத்தாள். எடுக்கவே இல்லை. வேலை தெரிந்தவள், அவ்வளவு நேரம் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை அவளுக்கு. புல்லில் தெறித்துக் கிடந்த சூப் கேனை நான் தொட்டுப் பார்த்தேன். ஏன் தொட்டேன் என்று தெரியவில்லை. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தபோது சரிவுக்கு மேலே ஒரு பால்காரம்மா வந்து நின்றாள். கரை ஓரத்தில்தான் அவளுடைய மாட்டுக் கொட்டகை. கையில் பால் நுரை காயவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உனக்கு என்னம்மா வேணும் அவரு?"

"அண்ணன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சத்தம் கேட்டுதும்மா. முதல்ல 'லைட்டு, லைட்டு'ன்னு கேட்டுது. அப்புறம் 'இருக்கு, இருக்கு'ன்னு. வாராவாரம் நீங்க கத்திக்கிட்டே போவீங்களே, அதுதான்னு நான் பாட்டுக்குப் பால் கறந்துக்கிட்டு இருந்துட்டேன். அப்புறம் 'குருவி, குருவி'ன்னு யாரையோ கூப்பிட்டாங்க. ரொம்ப நேரம் கூப்பிட்டாங்க. கூட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடறாங்கன்னு நினைச்சேன். பாவி, எட்டிப் பார்க்கலையே நான்."

அவளைத் தேற்ற எனக்குத் தெம்பு இல்லை. "நீங்க போங்க, மாடு காத்திருக்கும்," என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். விழுந்த வேகத்திலேயே மயக்கம் வந்திருக்கும், அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று. நல்ல பிள்ளை. அவர் வாயிலிருந்து அது நர்ஸம்மாவுக்குப் போனது, வாத்தியாருக்குப் போனது, ஒவ்வொருவராக எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அதையே எனக்குச் சொன்னார்கள். ஒண்ணும் தெரிஞ்சிருக்காதும்மா. ஒரு நொடியில போயிருப்பார்மா. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் குருவி போகவில்லை. சலூனைப் பூட்டிவிட்டு எந்நேரமும் அண்ணன் வீட்டிலேயே கிடந்தான். நாற்காலிகளை அடுக்கினான், டம்ளர் கழுவினான், யாரும் சொல்லாமலே வாசல் பெருக்கினான். ஓயாத வாய் ஓய்ந்துவிட்டது. அவனைத் திட்ட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். எனக்கே என்னைப் பார்த்தால் ஆச்சரியமாக இருந்தது.

ஒரு நாள் சாயந்திரம் நான் அண்ணனுடைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவன் கிளம்புவதற்காக ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றான்.

"அக்கா."

"என்ன?"

"ஒண்ணு கேக்கணும். டாக்டர் சொன்னாராமே, விழுந்த உடனே மயக்கம் ஆயிட்டார்னு."

"ஆமா, சொன்னார்."

"அப்ப அவர்..." ஹெல்மெட்டைக் கை மாற்றினான். "அவர் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டாருல்ல? நான் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன்க்கா. தூக்கமே வரலை. அவர் கூப்பிட்டு எனக்குக் கேக்கலையோன்னு. கூப்பிட்டிருக்க மாட்டாருல்ல?"

மாட்டாருடா, போய்த் தூங்கு. இதைச் சொல்லியிருக்கலாம். பால்காரம்மா சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். என்னோடு போயிருக்கும். இவனுக்கு வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. இவன் என் அண்ணனைக் கொல்ல நினைத்தவன் இல்லை, என் அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவன். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இவர்களுடைய நல்ல மனசு எனக்கு அலுத்துவிட்டது. பள்ளம் இல்லாத இடத்தில் வளைந்து வளைந்து என் அண்ணனைத் தண்ணீர் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். இனி நானும் ஒரு தடவை வளைந்து கொடுக்க வேண்டுமா? உண்மையே பேச வேண்டும் என்ற கொள்கையெல்லாம் எனக்குக் கிடையாது. ஆத்திரம், அவ்வளவுதான்.

"கூப்பிட்டார்," என்றேன்.

அவன் புரியாமல் பார்த்தான்.

"லைட் போச்சுன்னு குரல் கொடுத்திருக்கார். விழுந்தப்புறம் 'இருக்கு'ன்னு சொல்லியிருக்கார். அப்புறம் உன்னைக் கூப்பிட்டார். உன் பேரைச் சொல்லி. ரொம்ப நேரம். பால் கறக்கிற அம்மா கேட்டிருக்காங்க."

அவன் அழவில்லை. ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தாடைக்குக் கீழே வாரைப் பூட்டப் பார்த்தான். கத்தியும் சீப்பும் பிடித்துப் பழகிய கை, ஒரு சின்னக் கொக்கியைப் போட முடியாமல் தடவிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை. என்னைப் பார்த்தான்.

நான் எழுந்து போய் மாட்டிவிடவில்லை.